குரலுக்கு அளவெடுத்தவள்

சலவைக் கடையின் உள்ளே, இஸ்திரி மேசைக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஒரு தையல் இயந்திரமும் ஒரு ஸ்டூலும் போடுகிற அளவுக்கு இடம். அவள் உட்காருவது அங்கேதான். புதுத்துணி தைப்பதில்லை. தைத்ததைப் பிரிப்பதும், பிரித்ததைத் திரும்பத் தைப்பதும்தான் வேலை. அந்தத் தெருவுக்கே அவள் 'ஆல்டரேஷன் அக்கா'. எழுபது வயதுப் பெரியவரும் அக்கா என்பார், பள்ளிக்கூடத்துப் பெண்ணும் அக்கா என்பாள். அவளுக்குக் கோபமே வராது.

அவளிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே பொய்யை எடுத்து வைத்துக்கொண்டு வருவார்கள். "அக்கா, உங்க கடையில சலவைக்குப் போட்டதுல பேன்ட் சுருங்கிப் போச்சு." பேன்ட் எங்கே ஐயா சுருங்கியது? அது பாவம், வாங்கினபோது இருந்த மாதிரியேதான் இருக்கிறது. ஆனால் அவள் வாய் திறக்க மாட்டாள். "ஆமா, இந்தத் துணியே அப்படித்தான், சுருங்கும்" என்று வாங்கி வைத்துக்கொள்வாள். இடுப்புப் பட்டையின் பின்பக்கத்தைப் பிரித்து, உள்மடிப்பில் மிச்சமிருக்கும் துணியை வெளியே இழுத்து, ஒரு விரல் தளர்த்தித் தைத்து, பழைய தையல் தடம் தெரியாமல் இஸ்திரி போட்டுக் கொடுப்பாள். வந்தவர் போட்டுப் பார்த்து, வயிற்றைத் தட்டி, "பாத்தீங்களா, இதான் என் பழைய சைஸு" என்று போவார். எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும்.

இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. உண்மையைச் சொல்லி ஒருத்தர் முகத்தைத் தொங்கப்போட வைப்பதில் என்ன புண்ணியம், துணி இருக்கிறவரைக்கும் விட்டுக்கொடுத்துத் தைத்துவிட்டுப் போவோமே என்பது அவள் கட்சி. கடையில் அந்தக் கட்சி நன்றாகவே ஓடியது. அதை வீட்டுக்கும் கொண்டுபோனாள் பாருங்கள், வினை அங்கேதான் வந்தது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால், நடு மாடியில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவு இடுக்கு வழியாகப் பேசித் தைரியம் சொல்லுகிற மனிதர். "பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்ல" என்று அவர் சொன்னால் உள்ளே அழுகிற குழந்தைகூட நிறுத்திவிடும். அப்படி ஒரு குரல். பேச்சே அப்படியென்றால் பாட்டைக் கேட்கவா வேண்டும்! சாயங்காலம் குளித்துவிட்டு, பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, கிடாரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் என்றால், காய்கறிப் பையோடு படியேறுகிறவர்கள் பையை இறக்கி வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்பார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, கிடாரும் நன்றாகவே வாசிப்பார். ஆனால் கம்பியைச் சுருதி சேர்ப்பது மட்டும் அவருக்கு ஜென்மத்துக்கும் வராது. எஃகு வடம் இழுத்துப் பழகிய கை. முறுக்காணியைப் பிடித்தால் நட்டு முடுக்குகிற மாதிரி முடுக்குவார். கல்யாணமான புதிதில் ஒருநாள் அப்படி முடுக்கி, மெல்லிய கம்பி 'டிங்' என்று அறுந்து கன்னத்தில் கோடு போட்டுவிட்டது. சமையலறையிலிருந்து ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள் அவள்.

"குடுங்க இங்க."

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது. ஆனா நீங்க பண்றது தப்புன்னு உள்ளேருந்தே கேக்குது."

அவள் அதுவரை கிடாரைத் தொட்டதில்லை. ஆனால் தையல் இயந்திரத்தின் ஊசி முனை மழுங்கியதை ஓசையிலேயே பிடிக்கிற காது அவளுக்கு. "நீங்க பாட்டு ஆரம்பிங்க" என்றாள். அவர் பாட, அந்தக் குரலோடு ஒரு கம்பி ஒட்டிக்கொள்ளும்வரை முறுக்காணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். அந்த ஒரு கம்பி நின்றதும், அதைப் பிடித்து அடுத்தது, அதைப் பிடித்து அதற்கடுத்தது என்று ஆறையும் சேர்த்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கிடாரின் வைத்தியம் முழுக்க அவள் கைக்கு வந்தது.

வாசிக்க அவள் கற்றுக்கொள்ளவே இல்லை. ஆசையும் இல்லை. ஆனால் அவர் வாசித்து முடித்ததும் கம்பிகளில் கைவியர்வை நிற்காமல் பழைய பனியன் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பாள். புதுக் கம்பி மாட்டினால் அதை விரலால் மெல்ல இழுத்து இழுத்து விட்டு, தளர்ந்ததைத் திரும்ப ஏற்றி, இரண்டு நாள் காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள். கம்பி உட்காருகிற வெட்டுகளில் பென்சில் முனையைத் தேய்த்துவிடுவாள், சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் உறையோடு அலமாரிக்குள் போகும் கிடார், அவருடைய சட்டைகள் கொடியில் தொங்கும். "என்னைவிட அதுக்குத்தான் மரியாதை" என்று அவர் மகளிடம் புகார் சொல்வார். மகள், "அதுக்குச் சளி பிடிச்சா நீங்கதானேப்பா அழுவீங்க" என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அவருக்கு ஐம்பது தாண்டிய பிறகு, ஒரு காலை நேரம். அவர் முகச்சவரம் செய்துகொண்டே முணுமுணுப்பது வழக்கம். அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தவளுக்குச் சுருக்கென்றது. எப்போதும் தொடங்கும் இடத்துக்கு ஒரு நூல் கீழே தொடங்கியிருந்தார். அன்று சாயங்காலம் அவருக்கு மிகவும் பிடித்த அந்தப் பழைய பாட்டில், உச்சிக்குப் போகிற வரி வந்தபோது மோவாயைத் தூக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. குரல் போய்ச் சேர்ந்தது, ஆனால் மூச்சுவாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

"சளி பிடிச்சிருக்கு போல" என்றார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் கிடாரை எடுத்து ஆறு கம்பிகளையும் ஒரு நூல் இறக்கி வைத்தாள். சாயங்காலம் பாட்டு வெண்ணெயில் கத்தி போவது போலப் போயிற்று. "பாத்தியா, சளி விட்டுடுச்சு!" என்று அவர் துள்ளினார்.

"ஆமா, விட்டுடுச்சு" என்றாள்.

அவ்வளவுதான். பேன்ட் இடுப்பைத் தளர்த்தினாள், கம்பியையும் தளர்த்தினாள். அவளுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது. அதற்கப்புறம் வருடங்கள் போகப் போகக் குரல் கீழே வரும், கம்பியும் கூடவே இறங்கி வரும். ஒரேயடியாக இறக்கினால் தெரிந்துவிடும் என்பதால், சந்தேகமே வராதபடி கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவாள். தளர்ந்த கம்பி ஒரு கட்டத்தில் கிடார்க் கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட்டுகளில் உரசி ஜிர்ரென்று அதிர ஆரம்பித்தது. சளைத்தாளா? இசைக்கருவிக் கடையில் கேட்டு ஒரு சுற்றுத் தடித்த கம்பி வாங்கி மாட்டினாள். அவருடைய கருவிப் பெட்டியிலிருந்தே ஆலன் கீ என்கிற அறுகோணச் சாவியைத் திருடி, கிடாரின் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று திருப்பிக் கழுத்தை நேராக்கினாள். "இந்தக் கம்பி கனமா பேசுதே!" என்று அவர் மெச்சினபோது, "கடைக்காரர் நல்லதா பாத்துக் குடுத்தார்" என்று கூசாமல் சொன்னாள்.

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர் போனவர் எல்லோரிடமும் பெருமை. "இருபத்தஞ்சு வயசுல என்ன சுருதியில பாடினேனோ அதே சுருதி. ஒரு இம்மி இறங்கல. இடுப்பும் அதே முப்பத்திரண்டு. வேணும்னா இவளைக் கேளுங்க!" அந்த நேரம் பார்த்து அவளுக்குச் சமையலறையில் அவசரமாக ஏதாவது தேட வேண்டியிருக்கும்.

அவர் ஓய்வு பெறும் மாதம் வந்தது. கம்பெனி அரங்கில் பிரிவுபசாரக் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. பேச்சு இருக்கிறதோ இல்லையோ, இவர் பாட்டு இருக்கிறது என்று சக மெக்கானிக்குகள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, மாமனார் மேல் பிரியம் அதிகம். சட்டைப் பையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தார்.

"மாமா, இது டியூனர். கிடார் தலையில கிளிப் மாதிரி மாட்டிடுங்க. கம்பியைத் தட்டினா, சரியா இருந்தா பச்சை விளக்கு எரியும். தப்பா இருந்தா சிவப்பு."

விளக்கு எரிகிற சாமான் என்றால் லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கேட்கவா வேண்டும்! உச்சி குளிர்ந்துபோனார். அங்கேயே மாட்டி, தடித்த கம்பியைத் தட்டினார். சிவப்பு. அடுத்தது, சிவப்பு. ஆறும் சிவப்பு.

"அடடே, ஆறும் தப்பு!" தொடையில் தட்டிச் சிரித்தார். "இவ்வளவு வருஷமா நீ என்னத்த டியூன் பண்ணிட்டு இருந்தே? நான்தான் தங்கமான ஆளு, தப்பான சுருதியில பாடியும் பேர் வாங்கியிருக்கேன்!"

மகளும் மாப்பிள்ளையும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய், கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினாள். என்ன பதில் சொல்வது? கம்பி சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் குரல்தான் கீழே வந்துவிட்டது என்று மாப்பிள்ளை முன்னால் சொல்லவா? நெஞ்சு எரிந்தது, எரியாமல் என்ன செய்யும்.

அவர் பச்சை விளக்கு எரியும்வரை ஆறு கம்பிகளையும் ஏற்றினார். "அவ்வளவு ஏத்தாதீங்க, தடிச்ச கம்பி, மரம் தாங்காது" என்று வாசற்படியிலிருந்து சொன்னாள். "மெஷின் சொல்லுதும்மா, மெஷின் பொய் சொல்லுமா?" என்றார். மறுநாள் அவர் இல்லாத நேரத்தில் பழையபடி இறக்கி வைத்தாள். சாயங்காலம் வந்ததும் கிளிப்பை மாட்டினார், சிவப்பு எரிந்தது, "பாத்தியா, ஒரே நாள்ல இறங்கிடுச்சு" என்று முன்னைவிட இறுக்கினார். அவள் இறக்க, அவர் ஏற்ற, இரண்டு மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. அப்புறம் அவர் கிடாரைத் தன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

பாட்டு உட்கார்ந்துபோயிற்று. தொடக்கத்திலேயே திணறினார். உச்சி வரியில் குரல் பிளந்தது. அடுத்த நாளும் அதேதான். உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளித்தார். இஞ்சிச் சாறு, தேன், மிளகு என்று ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். நடு மாடியில் மாட்டிக்கொண்டவர்களிடம்கூடச் சத்தமாகப் பேசாமல் கையால் சைகை காட்டினாராம், உள்ளே இருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்!

அவள் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு காலை, சவரம் செய்யும்போது சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தாள். வாயை அகலமாகத் திறந்து, டார்ச்சை உள்ளே அடித்து, கண்ணாடியில் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார், திரும்பாமலே.

அவருடைய அண்ணன் தொண்டையில் நோய் வந்து போனவர்.

டாக்டரிடம் போனார்கள். டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது, ஒன்றும் இல்லை என்றார். அதைக் கேட்டு நிம்மதி அடைகிற ஆளா இவர்? "ஒண்ணும் இல்லைன்னா ஏன் குரல் போகுது? என்கிட்ட மறைக்கிறாங்க. நீயும் மறைக்கிறே" என்றார் வழியெல்லாம். கடைசியாகச் சொன்னது அவளைக் குத்திற்று. சொன்னவருக்குத் தான் எதைத் தொட்டோம் என்று தெரியாது.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தொலைபேசியில் மகளிடம் அவர் பேசுவது கேட்டது. "கிடாரை நீயே எடுத்துட்டுப் போயிடும்மா. உன் பொண்ணு பெரிசானா கத்துக்கட்டும். எனக்கு இனிமே என்னத்துக்கு. கூட்டத்துல பாட்டெல்லாம் கிடையாது, நாலு வார்த்தை பேசிட்டு இறங்கிடுவேன்." பேசிவிட்டு, கிடாரை மடியில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தார். அந்தத் துடைத்தலைப் பார்க்க அவளால் முடியவில்லை. ஊருக்குப் போகிற பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி துடைத்தார்.

கையிலிருந்து வாங்கினாள். கம்பிகள் கைக்கு இரும்பாக இருந்தன. உடம்புப் பலகை, கம்பிகளின் அடிமுனையைப் பிடித்து ஒட்டியிருக்கும் பிரிட்ஜ் கட்டைக்குப் பின்னால் லேசாகப் புடைத்திருந்தது. காலண்டர் தாளைக் கிழித்து பிரிட்ஜின் விளிம்பில் செருகிப் பார்த்தாள். தாள் உள்ளே போயிற்று. ஒட்டு விட ஆரம்பித்திருந்தது. இந்தப் பக்கம் மரம் பிளக்கிறது, அந்தப் பக்கம் மனிதர் உடைகிறார், தான் என்னடாவென்றால் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டிருக்கிற மாதிரி நிற்கிறோம் என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"ஏங்க. உங்க தொண்டைக்கு ஒண்ணும் இல்லை."

"டாக்டரும்தான் சொன்னார்."

"டாக்டருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். உங்க குரல் இப்ப போகல. அது எட்டு ஒன்பது வருஷமா மெல்ல மெல்ல இறங்கிட்டு வருது. வயசானா இறங்கும், அவ்வளவுதான். அதுகூடவே நானும் கம்பியை இறக்கிட்டே வந்தேன். உங்ககிட்ட சொல்லல. மெஷின் காட்டுறது நீங்க சின்ன வயசுல பாடின இடம். அங்க இப்ப உங்களால போக முடியாது."

அவர் அவளையே பார்த்தார். வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு இறக்கினே?"

"இப்ப ஒன்றரைக் கட்டை."

"ஒன்றரைக் கட்டையா!" எழுந்தே விட்டார். "ஊரெல்லாம் போய் மார் தட்டினேனே! ஒரு இம்மி இறங்கலைன்னு! நீ பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்துட்டு இருந்தியா? உள்ளே போய்ச் சிரிச்சியா?"

"சிரிக்கல." அவள் கண் நிறைந்துவிட்டது. "சத்தியமா ஒரு நாளும் சிரிக்கல. நீங்க அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அதைக் கெடுக்க மனசு வரல."

அவர் கை மெதுவாக இடுப்புக்குப் போயிற்று.

"அப்போ பேன்ட்?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"பேன்ட்ல கை வைக்கலைன்னு சொல்லு பாப்போம்."

அவர் அலமாரியிலிருந்து ஒரு பேன்ட்டை உருவி இடுப்பைப் புரட்டினார். பின்பக்கம், அதே நிறத்தில் ஒரு துண்டுத் துணி, அழகாக, அளவாக, தெரியாமல் ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தது. இன்னொன்றைப் புரட்டினார். அதிலும். மூன்றாவதில் இரண்டு துண்டு. முப்பத்திரண்டு என்று எழுதிய பழைய பட்டைச் சீட்டு மட்டும் பத்திரமாகத் திரும்பத் தைக்கப்பட்டிருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் பேன்ட்டுகளைக் கட்டிலில் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். பேசவில்லை. சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், பேசவில்லை. கோபம் என்றால் எரிந்து விழுகிற மனிதர், எரிந்து விழுந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திங்கட்கிழமை சாயங்காலம் அவள் கம்பிகளைக் கழற்றிவிட்டு, மெல்லிய கத்தியால் பிரிட்ஜின் அடியில் மரப்பசையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, எதிரில் வந்து உட்கார்ந்தார். தன் பெட்டியிலிருந்து இரண்டு கவ்விகளை எடுத்தார். மரத்தில் தடம் விழாமல் இருக்க அட்டை வைத்து, கவ்வியை மாட்டி, மெதுவாக முடுக்கினார்.

"போதும்" என்றாள்.

நிறுத்தினார். அந்த முரட்டுக் கை, அவள் சொன்ன இடத்தில் நின்றது. வெளியே வழிந்த பசையை அவள் ஈரத்துணியால் துடைத்தாள். இரண்டு நாள் கிடார் கவ்வியோடு மேசை மேல் கிடந்தது. ஒட்டு காய்ந்ததும் அவளே கம்பி மாட்டினாள்.

"எங்க வைக்கணும்?" என்று கேட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டாள்.

"உனக்குத் தெரியாததா? வைக்கிற இடத்துல வை." முகத்தைக் கொடுக்காமல் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே எனக்குத் தெரியாம வைக்காதே" என்றார்.

பாடுவாரா மாட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். ஆனால் கூட்டத்தன்று கிளம்பும்போது கிடார் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அரங்கு நிறைய ஆட்கள். மெக்கானிக்குகள், அலுவலகத்துக்காரர்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள். அவள் மகளோடும் மாப்பிள்ளையோடும் முன்வரிசையில். மேலாளர் பேசினார், இன்னும் இரண்டு பேர் பேசினார்கள், சுவர்க்கடிகாரம் ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். பிறகு, "பாட்டு! பாட்டு!" என்று பின்வரிசையிலிருந்து கிளம்பியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கிடாரை மடியில் வைத்து ஒரு முறை மீட்டினார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கம்பி ஏறியிருந்தது. அரங்கில் ஏசி அப்படிக் குளிர்ந்தது, குளிர் பட்டால் எஃகுக் கம்பி சுருங்கி இழுக்கும், சுருதி மேலே போகும். கொஞ்சம்தான். ஆனால் அவர் குரலோ இன்றைக்கு இன்னும் கனத்துக் கிடக்கிறது. இத்தனை வருஷம் கூட வேலை செய்தவர்களைப் பார்த்துவிட்டு யாருக்குத்தான் தொண்டை லேசாக இருக்கும்?

முதல் வரி ஒருவழியாகப் போயிற்று. இரண்டாவதில் அவர் மோவாய் தூக்கியது. கழுத்து நரம்பு தெரிந்தது. உச்சி வரிக்கு இன்னும் இரண்டே வரி. அவள் முந்தானையை முறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இங்கே குரல் பிளந்தால் இந்த மனிதர் இனி ஒரு நாளும் பாட மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அவர் நிறுத்தினார்.

அழுகிறார் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அவர் கிடாரோடு எழுந்தார். மேடைப் படியில் இறங்கினார். போயே போய்விட்டார் என்று அவளும் எழப் போனாள். ஆனால் அவர் கதவுப் பக்கம் போகவில்லை. நேரே முன்வரிசைக்கு வந்து, அத்தனை பேர் பார்க்க, அவள் மடியில் கிடாரை வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் இறக்கும்மா" என்றார். "எனக்கு எட்டல."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் சட்டையில் மாட்டியிருந்த மைக் அதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோயிற்று. மாப்பிள்ளைக்குக் கேட்டது, மகளுக்குக் கேட்டது, யார் யாரிடம் மார் தட்டினாரோ அவர்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. அவள் பதறிப்போய், "ஏங்க, மைக்கு, மைக்கு" என்றாள். அதுவும் கேட்டது. அரங்கே சிரித்தது.

"இருக்கட்டும்" என்றார். "கேக்கட்டும்."

கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் இல்லாத வீட்டில் செய்த வேலை, இன்று இத்தனை கண்களுக்கு நடுவில். முறுக்காணியைப் பிடித்தாள். "பாடுங்க" என்றாள். அவர் அவள் முன்னால் குனிந்து, அந்தப் பாட்டின் தொடக்கத்தை முணுமுணுத்தார். அவள் கம்பியைத் தட்டினாள், இறக்கினாள், கேட்டாள், இன்னும் ஒரு நூல் இறக்கினாள். ஒட்டிக்கொண்டது. அதைப் பிடித்து மற்ற ஐந்தையும் கொண்டுவந்தாள். யாரும் இருமக்கூட இல்லை.

"இது போதுமா?" என்று கேட்டாள்.

"நீதான் சொல்லணும்."

"போதும்."

அவர் மேடைக்குத் திரும்பிப் போகவில்லை. மகள் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து முதல் வரியிலிருந்து திரும்பப் பாடினார். உச்சி வரி வந்தது, மோவாய் தூக்காமல் அதில் போய் நின்றார். அவர் சட்டையின் நுனியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவளுக்கு, கம்பி எங்கே நிற்கிறது என்று கவனிக்கவே பாட்டு முடியும்வரை மறந்துபோயிற்று.